தாய்லாந்தில் விருந்தாளி, தாமானில் முதலாளி

பாங்காக்கில் என்னை முதலில் வரவேற்றவர் ஒரு போக்குவரத்துக் காவலர்.

சுங்கைப் பட்டாணியிலிருந்து ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர் மோட்டார் சைக்கிளில் வந்து, நகருக்குள் நுழைந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு மேம்பாலத்தில் ஏறி இறங்கியதும் கையைக் காட்டி ஓரமாக நிறுத்தச் சொன்னார். அவருக்கு ஆங்கிலம் வரவில்லை. எனக்குச் சயாம் மொழி தெரியாது. அவர் கோபப்படவில்லை. பாலத்தின் தொடக்கத்தில் இருந்த பலகையைச் சுட்டிக் காட்டினார். சிவப்பு வட்டத்துக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் படம். பாங்காக்கின் பல மேம்பாலங்களிலும் சுரங்கப் பாதைகளிலும் மோட்டார் சைக்கிள் போகக் கூடாது. கைப்பேசியின் வரைபடத்தை நான் காருக்கான வழியில் வைத்திருந்தேன். பலகையை நான் பார்க்கவே இல்லை.

அபராதச் சீட்டை வாங்கிக்கொண்டபோது வெட்கமாக இருந்தது. “நம் ஊரில் இப்படி இல்லையே” என்றுதான் மனம் முதலில் வாதாடியது. மலேசியாவில் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணமே கிடையாது. கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்கென்று தனித் தடம் போட்டுக் கொடுத்த நாடு நம்முடையது. அந்தச் சலுகையில் வளர்ந்தவன், எல்லாச் சாலையும் தனக்காகத் திறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அந்தச் சீட்டு எனக்குக் கற்றுக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இது சுற்றுலாக் கட்டுரை அல்ல. எங்கே சாப்பிடலாம், எங்கே படம் எடுக்கலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

அம்மாவின் மூன்று நிபந்தனைகள்

பருவ விடுமுறையில் நானும் என் அறைத்தோழனும் ஆளுக்கொரு 150 சிசி மோட்டார் சைக்கிளில் பாங்காக் போகிறோம் என்று சொன்னதும் வீட்டில் பேச்சே நின்றுவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. என் பெரியப்பா மகன் பத்தொன்பது வயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தான். எங்கோ தொலைவில் அல்ல. வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில், எங்கள் தாமானின் சாலை முனையில். கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தான். தலைக்கவசம் வீட்டு வாசலில், செருப்பு அடுக்கின் மேல் இருந்தது.

பாட்டிக்கு வேறொரு பயம். அவர் இன்றும் தாய்லாந்தைச் சயாம் என்றுதான் சொல்வார். 1942, 43இல் ஜப்பானியர்கள் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டு அங்கேயே மடிந்த தமிழர்கள் பல்லாயிரம் பேர். பாட்டியின் பெரியப்பாவும் அதில் ஒருவர். “சயாமுக்குப் போனவங்க திரும்பி வந்ததில்லய்யா” என்றார். எண்பது ஆண்டுகள் கழித்தும் ஒரு நாட்டின் பெயர் ஒரு குடும்பத்தில் இப்படி ஒலிக்கிறது.

கடைசியில் அம்மா மூன்று நிபந்தனைகளோடு சம்மதித்தார். முகத்தை முழுதாக மூடும் தலைக்கவசம் அணிய வேண்டும். இருட்டிய பின் ஓட்டக் கூடாது. நிறுத்தும் இடத்திலிருந்தெல்லாம் அழைத்துப் பேச வேண்டும்.

ஆவணங்களையும் முறையாகத் தயார் செய்தோம். கடப்பிதழ், ஓட்டுநர் உரிமம், வாகனத்தின் கெரான் ஆகியவற்றை எடுத்துக்கொண்டோம். உரிமத்தைப் பொறுத்தவரை, ஆசியான் நாடுகள் ஒன்றின் உரிமத்தை மற்றொன்று ஏற்கும் ஒப்பந்தம் 1985ஆம் ஆண்டிலேயே கையெழுத்தானது. மோட்டார் சைக்கிள் அறைத்தோழனின் அப்பா பெயரில் இருந்ததால், அவருடைய அனுமதிக் கடிதமும் வேண்டியிருந்தது. நம் காப்புறுதி அங்கே செல்லாது. அந்நாட்டின் கட்டாயக் காப்புறுதியை எல்லையில் வாங்கினோம். வண்டியைத் தற்காலிகமாகக் கொண்டு வருவதாகச் சுங்கத்துறையில் பதிந்தோம்.

புக்கிட் காயு ஹீத்தாமைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போனது. சாடாவில் முடியும் 4ஆம் எண் சாலையின் மறுமுனை பாங்காக்கில் இருக்கிறது. பெட்காசெம் சாலை என்பது அதன் பெயர். நடுவில் சூராட் தானி வழியாகப் போகும் 41ஆம் எண் சாலைக்கு மாறி, சும்போனில் மீண்டும் 4க்கு வந்தோம். சூராட் தானியில் ஓர் இரவு, பிரசுவாப் கிரி கானில் ஓர் இரவு, மூன்றாம் நாள் மதியம் பாங்காக். வழி நெடுக ரப்பரும் செம்பனையும் தென்னையுமாக எங்கள் கெடாவைப் போலத்தான் இருந்தது.

38க்கு எதிரே 55

பாங்காக் எவ்வளவு பெரியது என்பதை வரைபடத்தில் உணர முடியாது. 50 வட்டாரங்கள், ஏறத்தாழ 1,569 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் எங்களைத் திணறடித்தது அதன் பரப்பளவு அல்ல, அதன் சந்துகள்தான்.

அங்கே பெரிய சாலையிலிருந்து பிரியும் சந்துக்குச் ‘சோய்’ என்று பெயர். சோய்களுக்கு எண் உண்டு. சாலையின் ஒரு பக்கம் ஒற்றைப்படை, மறு பக்கம் இரட்டைப்படை. எளிதாகத்தானே இருக்கிறது என்று நினைத்தோம். சுகும்வித் சாலையில் 55ஆம் சோயின் வாயிலில் நின்று எதிரே 56ஐத் தேடினோம். எதிரே இருந்தது 38. ஒரு பக்கத்தில் சந்துகள் நெருக்கமாகவும் மறு பக்கத்தில் இடைவெளி விட்டும் இருப்பதால், இரண்டு பக்கத்து எண்களும் ஒன்றோடொன்று சேராமல் போய்விட்டன. பல சோய்கள் உள்ளே போய் முட்டுச் சந்தாக முடிகின்றன. பக்கத்துச் சோய்க்குப் போக வேண்டுமானால் வந்த வழியே திரும்பிப் பெரிய சாலைக்கு வர வேண்டும்.

இதைக் குறையாகச் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் மறுநாள் மோட்டார் சைக்கிளை விடுதியில் விட்டுவிட்டுச் சேன் சேப் கால்வாயில் ஓடும் படகில் ஏறினோம். கால்வாயோரம் வீடுகளின் படிக்கட்டுகள் தண்ணீரில் இறங்குவதைப் பார்த்தபோது கொஞ்சம் புரிந்தது. 1782இல் தலைநகரான இந்த ஊருக்கு அன்று கால்வாய்தான் சாலை. மேலைநாட்டுப் பாணியில் அமைத்த முதல் சாலை என்று சொல்லப்படும் சரோன் குருங் சாலை 1864இல்தான் முடிந்தது. பின்னர் பல கால்வாய்களைத் தூர்த்துச் சாலையாக்கினார்கள். சாத்தோர்ன் சாலையின் நடுவில் இன்றும் கால்வாய் ஓடுகிறது. வயலாகவும் தோப்பாகவும் இருந்த நிலங்களை உரிமையாளர்கள் அவரவர் மனைக்கு ஏற்பப் பிரித்தபோது, அந்த மனையின் வடிவத்தில் சோய் அமைந்தது. சோய் முட்டி நின்ற இடத்தில் முன்பு ஒருவருடைய நிலம் முடிந்திருக்கிறது.

ஒரு நகரத்தின் ஒழுங்கு நமக்குப் புரியவில்லை என்பதால் அங்கே ஒழுங்கே இல்லை என்று ஆகிவிடாது. இதை நான் வகுப்பறையில் படித்திருந்தால் தேர்வு முடிந்ததும் மறந்திருப்பேன். மூன்று முறை வழி தவறி, வெயிலில் மோட்டார் சைக்கிளைத் தள்ளித் திருப்பியதால் மறக்கவில்லை.

ஆரஞ்சு நிற மேலங்கி

எங்கள் விடுதி இருந்த சோயின் வாயிலில் எப்போதும் ஏழெட்டுப் பேர் ஆரஞ்சு நிற மேலங்கி அணிந்து உட்கார்ந்திருப்பார்கள். முதுகில் எண் இருக்கும். அவர்கள் மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டுநர்கள். அவர்கள் கூடும் நிலையத்தை ‘வின்’ என்கிறார்கள். நீண்ட சோய்க்குள் பேருந்து வராது. பெரிய சாலையில் இறங்கியவர்களை வீடுவரை கொண்டு சேர்ப்பவர்கள் இவர்கள்தான். பலர் நாட்டின் வடகிழக்கிலுள்ள ஈசான் வட்டாரத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். கிளாடியோ சோப்ரான்செட்டி என்ற மானுடவியல் ஆய்வாளர் இவர்களைப் பற்றியே ஒரு நூல் எழுதியிருக்கிறார். அதன் பெயர் ‘ஓனர்ஸ் ஆஃப் த மேப்’. வரைபடத்தின் சொந்தக்காரர்கள் என்று பொருள்.

மூன்றாம் நாள் காலை, காசு கொடுத்து ஒருவருடைய பின்னிருக்கையில் உட்கார்ந்தேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முதலில் எனக்கொரு தலைக்கவசத்தை நீட்டினார். கிளம்பியதும் சாலையின் இடது ஓரத்துக்கு வந்துவிட்டார். மோட்டார் சைக்கிள் இடது கோடியில்தான் போக வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். பழங்களைத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மா சாலையைக் கடந்தபோது நின்றார். ஹார்ன் அடிக்கவில்லை. சமிக்ஞை விளக்கில் சிவப்பு எண் 120லிருந்து குறையத் தொடங்கியது. நானாக இருந்தால் இருபது தடவை ஆக்சிலேட்டரை முறுக்கியிருப்பேன். அவர் தலைக்கவசத்தின் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ பேசிச் சிரித்தார்.

என் ஓட்டும் திறமையைப் பற்றி எனக்கு ஒரு கர்வம் இருந்தது. பதினாறு வயதில் உரிமம் எடுத்தவன். அந்தப் பின்னிருக்கையில்தான், நன்றாக ஓட்டுவதும் வேகமாக ஓட்டுவதும் ஒன்றல்ல என்று முதன்முறையாகப் பார்த்தேன். அந்த நகரத்தின் ஒவ்வொரு சந்தும் அறிந்தவர், எதையும் அறியாதவரைப் போல அவ்வளவு கவனமாக ஓட்டினார்.

தாய்லாந்துக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. நடைபாதையில் மோட்டார் சைக்கிளை ஏற்றியவர்களையும் அங்கே பார்த்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு அறிக்கைப்படி, சாலை விபத்தில் தாய்லாந்தில் 1 லட்சம் பேருக்கு 32.7 பேர் இறக்கிறார்கள். நம் நாட்டில் 23.6 பேர். இரண்டுமே பெருமைப்படக்கூடிய எண்கள் அல்ல. நான் பாடம் கற்றது ஒரு நாட்டிடமிருந்து அல்ல, ஒரு மனிதரிடமிருந்து.

விருந்தாளிக் கோயில்

இறங்கும்போது அவர் என்னைப் பார்த்து “மலேசியா?” என்று கேட்டார். விடுதி வாசலில் நிற்கும் கெடா எண் பட்டையைக் கவனித்திருக்கிறார். தலையாட்டினேன். என் முகத்தைச் சுட்டி, “கேக்” என்றார். தின்னும் கேக் அல்ல. அன்று இரவு கைப்பேசியில் அந்தச் சொல்லைத் தேடினேன். இந்தியர், மலாய்க்காரர் போன்றவர்களைத் தாய்லாந்து மக்கள் அப்படி அழைப்பது வழக்கம். இடத்தைப் பொறுத்து அது சற்று ஏளனமாகவும் ஒலிக்கும். ஆனால் அதன் நேரடிப் பொருள் ‘விருந்தாளி’.

மறுநாள் சீலோம் சாலைக்குப் போனோம். அங்கே பான் சாலை முனையில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. கோபுரத்தைப் பார்த்ததும் எங்கள் ஊர்க் கோயில் வாசலில் நிற்பதுபோல் இருந்தது. உள்ளே வணங்கிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்களும் சீனர்களும். கையில் பூவும் தேங்காயும் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நவராத்திரியின் நிறைவில் இந்தக் கோயிலின் ஊர்வலத்துக்காகச் சீலோம் சாலையையே மூடுகிறார்கள். நகரின் முக்கிய வணிகச் சாலைகளில் அதுவும் ஒன்று.

இந்தக் கோயிலை உள்ளூர் மக்கள் ‘வாட் கேக்’ என்று அழைக்கிறார்கள். விருந்தாளிகளின் கோயில்.

கோயில் வாசலில் மோட்டார் சைக்கிள் மேல் சாய்ந்துகொண்டு அதைப் பற்றி யோசித்தேன். பாட்டியின் பெரியப்பா இந்த நாட்டுக்கு விருந்தாளியாக வரவில்லை. இந்தக் கோயிலைக் கட்டியவர்கள் விருந்தாளியாக வந்து, ஊருக்கு ஒரு தெய்வத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான்? வந்த முதல் நாளே பலகையைப் பார்க்காமல் பாலத்தில் ஏறியவன். விருந்தாளி வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கே உட்காரலாம் என்று பார்த்து உட்கார்வார். நான் செருப்போடு நேரே அடுப்படிக்குள் நுழைந்திருக்கிறேன்.

அடுத்த இரண்டு நாளும் வேறு மாதிரி ஓட்டினேன். இடது ஓரத்தில் போனேன். ஒவ்வொரு பலகையையும் படித்தேன். சந்தேகம் வந்தால் நிறுத்தி, வின் ஓட்டுநர்களிடம் கைப்பேசியைக் காட்டி வழி கேட்டேன். எங்கள் எண் பட்டை மலேசியாவினுடையது என்பது எல்லாருக்கும் தெரியும். பள்ளிச் சீருடையில் சின்னத்தைக் குத்திக்கொண்டு பேருந்தில் ஏறுவது போன்ற உணர்வு அது. தப்பு செய்தால் பள்ளியின் பெயரும் சேர்ந்து கெடும். நகரமும் அதன்பின் வேறு மாதிரி தெரிந்தது. மெதுவாகப் போனதால்தான் சோய்க்குள் இருந்த தையற்கடையும், மரத்தடிக் கோயிலும், மாலையில் பள்ளிப் பிள்ளைகளை மூன்று பேராக ஏற்றிவரும் அம்மாக்களும் கண்ணில் பட்டார்கள்.

எல்லை தாண்டிய பத்து நிமிடம்

இந்தக் கட்டுரையை அங்கேயே முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் உண்மையில் நடந்தது வேறு.

திரும்பி வரும்போது புக்கிட் காயு ஹீத்தாமில் முத்திரை குத்திக்கொண்டு, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளி வைத்து, நம் நெடுஞ்சாலையில் ஏறினோம். பத்து நிமிடம் இருக்கும். முன்னால் ஒரு லோரி மெதுவாகப் போனது. நான் யோசிக்கவே இல்லை. அவசரத் தடத்தில் புகுந்து, லோரியின் இடது பக்கமாக முந்திக்கொண்டு போனேன். பின்னால் வந்த அறைத்தோழன் அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தி, “பாங்காக்ல அஞ்சு நாளா இப்படி ஒரு தடவையாவது முந்தினியா?” என்று கேட்டான்.

இல்லை. ஒரு தடவைகூட இல்லை.

அப்போதுதான் பெரியப்பா மகன் நினைவுக்கு வந்தான். அவனும் மோசமான ஓட்டுநர் இல்லை. பினாங்குக்கும் ஈப்போவுக்கும் போகும்போது தலைக்கவசத்தை இறுக்கிக் கட்டுவான். தாமானுக்குள் மட்டும் கட்ட மாட்டான். “இது நம்ம ஏரியா” என்பான். அந்த வளைவில் எந்த நேரத்தில் யார் வருவார்கள் என்பது தனக்குத் தெரியும் என்று நினைத்தான். அன்று வந்தவர் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை.

பெருந்தொற்றுக் காலத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், நம் நாட்டில் ஆண்டுதோறும் 6,000 பேருக்கும் மேல் சாலை விபத்தில் இறக்கிறார்கள். அவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். நம் சமூகத்து வீடுகளில் பலவற்றில் இப்படி ஒரு படம் மாலையோடு தொங்குகிறது. அதற்கு நாம் எப்போதும் சொல்லும் காரணம் வேகம். வேகம் உண்மைதான். ஆனால் வேகத்துக்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது: இது என் சாலை, எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. தெரியாத ஊரில் நாம் விருந்தாளியாக இருக்கிறோம். நம் தாமானுக்குள் நுழைந்ததும் முதலாளியாகிவிடுகிறோம்.

ஆகவே என் கருத்து இதுதான். பெற்றோர்கள் தொலைதூரப் பயணத்துக்குப் பயப்படும் அளவுக்குப் பக்கத்துக் கடைக்கும் பயப்பட வேண்டும். “அவ்வளவு தூரமா, வேண்டாம்” என்று தடுப்பதைவிட, என் அம்மாவைப் போல் நிபந்தனை போட்டு அனுப்புவது பிள்ளையைப் பொறுப்புள்ளவனாக்கும். பல்கலைக்கழகங்களில் உள்ள நம் மாணவர் கழகங்கள் கலை இரவுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை, பாதுகாப்பாக ஓட்டும் பயிற்சிக்கும், ஆவணங்களோடு முறையாகச் சென்றுவரும் குழுப் பயணத்துக்கும் செலவிடலாம். எல்லாராலும் பாங்காக் போக முடியாது. பணம் வேண்டும், விடுப்பு வேண்டும், நல்ல நிலையில் வண்டி வேண்டும். போக முடியாதவர்கள் இழப்பது ஒன்றுமில்லை. ஏனென்றால் அங்கே நான் கற்றதை இங்கேயே, இன்றே செய்து பார்க்கலாம். நாளைக்குக் கல்லூரிக்குப் போகும் வழியில், உங்கள் வண்டியில் இருப்பது வேறு நாட்டு எண் பட்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள். பலகையைப் படிப்பீர்கள். வளைவில் மெதுவாகப் போவீர்கள். சாலையைக் கடக்கும் பாட்டிக்கு நிற்பீர்கள்.

நேற்று மாலை ரொட்டி வாங்கக் கடைக்குக் கிளம்பினேன். இரண்டு கிலோமீட்டர்தான். பாங்காக் போன அதே தலைக்கவசத்தை மாட்டி, தாடைப் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி வேலியோரம் நின்று பார்த்தார்.

“என்னய்யா, தூரமா போறியா?”

“இல்ல பாட்டி, கடைக்குத்தான்” என்றேன்.